அக்காளின் ககரம், தங்கையின் ககரம்

அண்மையில் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இவ்வாரக் கட்டுரைக்குப் பொருளாய் அமைந்துவிட்டது. மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அன்னையார் ஒருவர், தம் மூத்த மகளைக் கொண்டு எழுதுவித்த கடிதம் அது.

அவருக்குப் பெண்மக்கள் இருவர். கணவர் பெயரைக் கணேசன் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவளின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் எழுதப்பட்டது. பின்னர் அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்புப் பெறப்பட்டது. அதிலே தகப்பனாரின் பெயர் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குகின்றது. இளையவளின் பிறப்புச் சிங்களத்தில் பதியப்பட்டது. அதிலிருந்து செய்யப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே பெயர் ‘ஜீ’ என்னும் எழுத்தில் தொடங்குகின்றது. ஓரிடத்தில் இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த இலிகிதர் ஒருவர், இவ்விருவருக்கும் தகப்பன் ஒருவர்தானா என்று கேட்டுவிட்டாராம். பலர் நிற்க அந்தக் கேள்வியைக் கேட்டு நின்ற தாயின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தம் கணவர் ஒருவரே என்பதை அவர் எவருக்கும் மெய்ப்பிக்க வேண்டியவரல்லர். ஒரு பெயர் எவ்வாறு இரண்டாயிற்று, இரண்டனுள் எது பிழை என்பதே அவர் நம்மிடம் கேட்பது.

இரண்டும் பிழையல்ல என்பதே நம் விடை. அஃது எவ்வாறு என்பதை வீட்டிலிருந்தே தொடங்கிக் காண்போம்.

அக்கா, தங்கை, அப்பா, தம்பி, அத்தை, தந்தை என்னும் ஆறு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது இரு விரல்களைக் குரல்வளையின்மேல் மெல்ல வைத்துக்கொள்ளுங்கள். ‘அப்பா’ என்னும்போது, இதழ்கள் மூடிய அந்தக் கணத்தில் தொண்டையின் அதிர்வு நின்று, பிறகு மீண்டும் தொடங்குகின்றது. ‘தம்பி’ என்னும்போதோ அதிர்வு இடையில் அறுவதேயில்லை. இதழ்கள் இரண்டு சொற்களிலும் ஒரே விதமாகத்தான் மூடித் திறக்கின்றன. எழுத்தும் பகரம் ஒன்றேதான். ஆயினும் அப்பாவின் பகரம் வேறு, தம்பியின் பகரம் வேறு. அவ்வாறே அக்காளின் ககரம் வேறு, தங்கையின் ககரம் வேறு. அத்தையின் தகரம் வேறு, தந்தையின் ஈற்றில் வரும் தகரம் வேறு. முன்னதை அதிரா ஒலி என்றும், பின்னதை அதிர்வொலி என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

ஓரெழுத்து இரண்டு ஒலிகளைத் தாங்குவது தமிழின் குறையோ என்று மாணவர் சிலர் ஐயுறுவதுண்டு. குறையன்று. தமிழ்ச் சொற்களில் வல்லெழுத்து எந்த இடத்தில் நிற்கின்றதோ அந்த இடமே அதன் ஒலியை முடிவு செய்துவிடுகின்றது. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் அதிரா ஒலி. மெல்லெழுத்தை அடுத்து வரும்போது அதிர்வொலி. இரண்டு உயிர்களுக்கு இடையே தனித்து வரும்போது நெகிழ்ந்த ஒலி. ‘காகம்’ என்னும் சொல்லின் இரண்டு ககரங்களும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை என்பதைக் காதே சொல்லும். இடம் கொண்டே ஒலி விளங்கிவிடுமாதலால், அதற்கெனத் தனியெழுத்து வேண்டாதாயிற்று. 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இவ்வொழுங்கினை ஒரு விதியாகவே வகுத்துக் காட்டினார். எழுத்துகள் பிறக்கும் இடங்களை ஆராய்வதோ அவருக்கு மிக முன்னரே நம்மவர் கைக்கொண்ட கலை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், நெஞ்சும் மிடறும் நாவும் அண்ணமும் பல்லும் இதழும் மூக்கும் எவ்வாறு கூடி எழுத்தொலிகளைப் பிறப்பிக்கின்றன என்பதையே எடுத்துரைக்கின்றது.

அப்படியாயின் கணேசனுக்கு வந்த இடர் யாது? அப்பெயர் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் முதலெழுத்து அதிர்வொலி. நம் விதிப்படி சொல்லின் முதலில் அதிரா ஒலியே வரவேண்டும். வழக்கிலோ பலரும் தங்கையின் ககரத்தையே முதலில் வைத்து அப்பெயரைச் சொல்கின்றோம். எழுத்து ஒன்று சொல்ல, நா மற்றொன்று சொல்கின்றது. தமிழுக்குள் இருக்கும்வரை இதனால் எவருக்கும் தீங்கில்லை. பெயர் வேறொரு மொழியின் எழுத்துக்குள் புகும்போதுதான் வழி இரண்டாகப் பிரிகின்றது.

மூத்த மகளின் தாளை மொழிபெயர்த்தவர், தமிழெழுத்தைக் கண்ணால் கண்டார். ககரம் சொல்லின் முதலில் நிற்கக் கண்டு, ‘கே’ என்று எழுதினார். இளையவளின் பிறப்பைப் பதிந்தவர், தகப்பனார் சொன்னதைச் செவியால் கேட்டார். சிங்கள நெடுங்கணக்கில் ககர வரிசையில் அதிரா ஒலிக்கு ஓர் எழுத்தும், அதிர்வொலிக்கு ஓர் எழுத்தும், மூச்சோடு கூடிய அவற்றின் இணைகளுக்கு வேறு இரண்டுமாக நான்கு எழுத்துகள் உள்ளன. எனவே அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். கேட்டவாறே அதிர்வொலியைத் தேர்ந்தார். ஆங்கிலத்தில் அது ‘ஜீ’ ஆயிற்று. ஒருவர் கண்ணை நம்பினார். மற்றவர் செவியை நம்பினார். இருவரும் தத்தம் நெறியில் நேர்மையாகவே நடந்தனர்.

தோட்டத்து எளியோர்க்கு மட்டும் நேர்வதன்று இது. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையை ஆங்கிலத்தில் ‘கே’ என்னும் எழுத்தால் தொடங்குகின்றோம். ஆனால் ஜி. ஜி. பொன்னம்பலம் என்று நாடறிந்த அரசியல்வாதியின் பெயரிலுள்ள இரண்டாவது ‘ஜி’, காங்கேசர் என்பதன் முதலெழுத்தே. முதலாவது ‘ஜி’ கணபதி என்று தொடங்கும் பெயருக்குரியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய கணபதிப்பிள்ளை அவர்களோ தம் பெயரை ‘கே’ என்னும் எழுத்தால் எழுதியவர். ஊருக்கு ஒரு முறையும் பேருக்கு ஒரு முறையும் கற்றோரிடத்திலேயே இருந்திருக்க, மஸ்கெலியாத் தாயைக் குறை சொல்வார் யார்?

தமிழர்க்கு மட்டும் உரியதும் அன்று. கருங்கடலுக்கும் காசுபியன் கடலுக்கும் இடையே மற்றொரு மலைநாடு உண்டு; அதன் பெயர் ஆர்மீனியா. அந்நாட்டு மொழிக்கு, கி.பி. 405ஆம் ஆண்டை ஒட்டி, மெசுரோப் மாசுதோத்சு என்னும் துறவியார் 36 எழுத்துகளை வகுத்தளித்தார். பின்னாளில் வேறு சில சேர்ந்தன. ஒலிக்கு ஓரெழுத்து என்னும் கொள்கையில் அமைந்த நெடுங்கணக்கு அது. நாம் ஓரெழுத்தால் குறிக்கும் வல்லொலியை அவர்கள் மூன்று எழுத்துகளால் குறிக்கின்றனர். அப்பாவின் பகரத்துக்கு ஓர் எழுத்து. தம்பியின் பகரத்துக்கு ஓர் எழுத்து. மூன்றாவதாக, மூச்செறிந்து சொல்லும் பகரத்துக்கு ஓர் எழுத்து. ககரத்துக்கும் தகரத்துக்கும் அவ்வாறே மும்மூன்று. நம் சகரத்தோடு உறவுடைய இரண்டு வரிசைகளுக்கும் மும்மூன்று. ஆக ஐந்து வரிசைகளில் 15 எழுத்துகள்.

மூச்செறிந்த ஒலி என்றது யாதெனின், அதற்கும் ஒரு சோதனை உண்டு. மெல்லிய தாள் துண்டு ஒன்றை இதழ்களுக்கு முன்னே தொங்கவிட்டு, ‘பால்’ என்று தமிழில் சொல்லுங்கள். தாள் பெரும்பாலும் அசையாது நிற்கும். ஆங்கிலேயர் ஒருவர் எழுதுகோலைக் குறிக்கும் ‘பென்’ என்னும் சொல்லைச் சொன்னால் தாள் துள்ளும். அச்சொல்லின் முதலில் அவர் நாவறியாமலே ஒரு மூச்சு வெளிப்படுகின்றது. ஆங்கிலேயர்க்கு அது பழக்கம் மட்டுமே. அதனால் பொருள் வேறுபடாது. ஆர்மீனியர்க்கோ அந்த மூச்சு ஒன்றினாலேயே சொல் வேறாகிவிடும். ஆகவே அதற்கெனத் தனியெழுத்து வேண்டியதாயிற்று.

இத்துணைத் திட்டமாக எழுத்து வகுத்தவர்களுக்குப் பெயர்க் குழப்பம் நேராது என்று நினைக்கத் தோன்றும். நேர்ந்தது. காலப்போக்கில் ஆர்மீனிய மொழி கிழக்கு வழக்கு, மேற்கு வழக்கு என்று இரண்டாயிற்று. எரவான் நகரிலும் பாரசீகத்திலும் வழங்கியது கிழக்கு. துருக்கியர் ஆட்சிக்குட்பட்டிருந்த நிலங்களில் வழங்கியது மேற்கு. கிழக்கு வழக்கு மூன்று ஒலிகளையும் காத்து நின்றது. மேற்கு வழக்கில் அவை இரண்டாகச் சுருங்கின. அதனோடு நில்லாமல் இடமும் மாறிக்கொண்டன. கிழக்கத்தியார் அதிரா ஒலியாகச் சொல்லும் எழுத்தை மேற்கத்தியார் அதிர்வொலியாகச் சொல்வர். கிழக்கத்தியார் அதிர்வொலியாகச் சொல்வதையோ மேற்கத்தியார் மூச்செறிந்த அதிரா ஒலியாகச் சொல்வர்.

கராபெத் என்பது அவர்களிடையே பெருவழக்கான ஓர் ஆண்பெயர். கிழக்கே அதனை அக்காளின் ககரத்தாலும், அப்பாவின் பகரத்தாலும், அத்தையின் தகரத்தாலும் சொல்வர். மேற்கே அதே பெயர் தங்கையின் ககரமும், தம்பியின் பகரமும், தந்தையின் ஈற்றுத் தகரமுமாக மாறிவிடுகின்றது. கிரிகோர் என்னும் பெயரிலோ மாற்றம் எதிர்ப்புறமாகச் செல்கின்றது. கிழக்கே அதிர்ந்த ககரங்கள் மேற்கே அதிர்வை இழக்கின்றன. ஆங்கில எழுத்தில் எழுதினால் கராபெத் கிழக்கே ‘கே’, மேற்கே ‘ஜீ’. கிரிகோர் கிழக்கே ‘ஜீ’, மேற்கே ‘கே’. ஆர்மீனிய எழுத்தில் எழுதும்போதோ இரு திசையாரும் இப்பெயர்களுக்கு அதே எழுத்துகளையே இடுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வேறுபாட்டை உங்களுக்கு விளக்க முயலும் நாம், இரண்டு ஒலிப்புகளையும் ‘கராபெத்’ என்று ஒரே விதமாகத்தான் அச்சிட முடிகின்றது. அக்காளையும் தங்கையையும் துணைக்கழைத்தே வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மஸ்கெலியாத் தாயின் இடர் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது.

1915ஆம் ஆண்டின் பேரழிவில் தப்பிய மேற்கத்திய ஆர்மீனியர், பெய்ரூத்திலும் பாரிசிலும் அமெரிக்க நகரங்களிலும் குடியேறினர். அவர்களுடைய பெயர்கள் மேற்கு ஒலிப்பின்படியே அயல்நாட்டுத் தாள்களில் ஏறின. இன்று கராபெத்தின் வழித்தோன்றல் என்று பொருள்படும் குடும்பப் பெயர் உலகில் இருவேறு எழுத்துக்கோலங்களில் உலவுகின்றது. அறியாதவர் இரண்டு குலப்பெயர்கள் என்று கொள்வர். ஆர்மீனியர்க்கோ அது ஒரே பெயர்; எழுத்தின் வேற்றுமை, ஒரு குடும்பம் எத்திசையிலிருந்து வந்தது என்பதை உணர்த்தும் குறிப்பாக நின்றுவிட்டது.

அம்மக்களுக்கும் தமிழர்க்கும் பழைய உறவும் ஒன்றுண்டு. பாரசீகத்து இசுபகானை அடுத்த புதிய சூல்பாவிலிருந்து ஆர்மீனிய வணிகர் சென்னைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான கோஜா பெத்ருசு உசுகான், 1726ஆம் ஆண்டில் அடையாற்றின்மேல் பாலம் கட்டுவித்தார். உலகின் முதல் ஆர்மீனியச் சஞ்சிகையாகிய ‘அசுதராரு’ 1794ஆம் ஆண்டில் சென்னையிலேதான் அச்சேறியது. அவர்கள் தேவாலயம் நிற்கும் வீதியை ஆங்கிலத்தில் ஆர்மீனியன் தெரு என்பர். தமிழ் மக்களின் நாவில் அது அரண்மனைக்காரத் தெரு ஆயிற்று. அங்கே அரண்மனை ஏதுமில்லை. ஆர்மீனியன் என்னும் ஒலி காதில் விழுந்தது. தமக்குத் தெரிந்த சொற்களுள் அதற்கு நெருங்கியதை மக்கள் எடுத்து வைத்துக்கொண்டனர். பிறமொழிப் பதிவாளரின் செவியைக் குறைகூற எழுவோமாயின், நம் செவியும் அதே வேலையைச் செய்திருப்பதை மறத்தலாகாது.

நம் மலைநாட்டிலோ இதற்குச் சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. ஆங்கிலத்தில் மூச்சொலியோடு தொடங்கும் ஊர்ப்பெயரை ஹட்டன் என்றும் எழுதுகின்றோம், அட்டன் என்றும் எழுதுகின்றோம். தமிழ்ச் சொல்லின் முதலில் ரகரம் வாராதாகையால், ராகலைக்கு முன்னே ஓர் இகரம் வந்து அது இராகலை ஆயிற்று. காலையிலே ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் பரேடு, ‘பெரட்டு’ ஆயிற்று. ஈற்றிலிருந்த அதிர்வொலி இரட்டித்து அதிரா ஒலியாகிவிட்டது. லயன் அறைகள் ‘லயம்’ ஆயின. இசைக்குரிய சொல் ஒன்று வீடு போதாத வரிசைகளுக்குப் பெயராய் வந்தமர்ந்தது. கொண்டக்டர், ‘கண்டாக்கையா’ ஆனார். இவற்றையெல்லாம் நாம் வழு என்று தள்ளுவதில்லை. நம் பாட்டனும் பாட்டியும் தம் நாவுக்கு ஏற்ப ஆக்கிக்கொண்ட சொற்கள் என்றே போற்றுகின்றோம்.

ஆயினும் ஊர்ப்பெயர் ஒன்று, ஆட்பெயர் ஒன்று. ஹட்டன் அட்டனாவதால் எவருடைய உரிமையும் குறைவதில்லை. ஆட்பெயரின் ஓரெழுத்து மாறினால் குறையக்கூடும். மலையகத்திலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கே ஒரு தனிப்பொருள் உண்டல்லவா? ஒரு நாளின் உழைப்பு கணக்கில் ஏறுவதைப் பேர் என்கின்றோம். கொழுந்தின் நிறை போதாவிடின் அரைப்பேர் என்கின்றோம். பேர் இல்லையேல் அன்றைய கூலி இல்லை. இத்துணை நேராகப் பெயரையும் பிழைப்பையும் ஒரு சொல்லில் முடிந்து வைத்தவர் மலையக மக்கள்.

தாளில் உள்ள பெயரின் அருமையையும் அவர்கள் பட்டறிந்தவர்களே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், தாம் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஏறக்குறைய 975,000 மக்களின் எதிர்காலத்தை எண்ணிக்கைகளாகப் பகுத்தது. எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஒரு பெயரும் ஒரு தாளும் எத்துணைப் பெறுமதியுடையன என்பதை இம்மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே அன்னையார் அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். தங்கள் கணவரின் பெயரில் பிழையேதும் இல்லை. மூத்தவளின் தாளில் இருப்பது அக்காளின் ககரம். இளையவளின் தாளில் இருப்பது தங்கையின் ககரம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஆயினும் ஒலிநூல் கற்ற இலிகிதரை எல்லா மேசைகளிலும் எதிர்பார்க்க முடியாது. எனவே, தகப்பனாரின் அடையாள அட்டையில் எவ்வெழுத்து இருக்கின்றதோ அதனையே குடும்பத்துக்குரியதாக உறுதிசெய்து கொள்ளுங்கள். மாறுபட்ட தாளை எடுத்துச் சென்று, பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் பற்றி விசாரியுங்கள். வேண்டுமாயின், இரண்டு எழுத்துக்கோலங்களும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளை அமரும் காலம் வரும்வரை இதனைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனிப் பிறக்கும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் ஒரு சொல். பதிவுக்குச் செல்லுமுன், பிள்ளையின் பெயரையும் தாய் தந்தையரின் பெயர்களையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். எழுதத் தெரியாவிடின் தோட்டப் பாடசாலை ஆசிரியரை நாடுங்கள். எந்த ஆசிரியரும் இதற்கு மறுக்கமாட்டார். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வாராதீர்கள். சொன்னால் செவி எழுதும். எழுதிக் கொடுத்தால் நீங்கள் எழுதியதே ஏறும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகும்; தமிழில் பதியுமாறு கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கையொப்பம் இடுமுன் ஒவ்வோர் எழுத்தையும் படித்துப் பாருங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடிதத்தை எழுதிய மூத்த மகளுக்கும் ஒன்று கூறி முடிப்போம். உன் கையெழுத்து அழகாயிருக்கின்றது, மகளே. அடுத்த முறை எவரேனும் அந்தக் கேள்வியைக் கேட்டால், அம்மாவைப் பேசவிடாதே, நீ பேசு. இரு விரல்களைக் குரல்வளையில் வைத்து அக்கா என்றும் தங்கை என்றும் சொல்லிப் பார்க்குமாறு அவரிடம் பணிவாகக் கேள். அவர் தமிழறியாதவராயின், ஆர்மீனியரின் கதையைச் சொல். விளங்கிக்கொள்ளும் மனமிருந்தால் அதுவே போதும்.